குவைத் மாமாவின் மெசின் மறுபடி சுற்றுகிறது

அலஸ்தோட்டம்,
திருகோணமலை.
2024 கார்த்திகை 12

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்கக் கோணேசர் துணை. வட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுசி ஏன் தாள் எடுத்து எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல நீ ஒன்று கேட்பாய், இடையில் சின்னவள் வந்து பாட்டுப் பாடுவாள், அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். எழுதினால் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கலாம்.

முதலில் காசு விசயம். புது வோசிங் மெசின் வாங்கச் சொல்லி நீ அனுப்பியது பாங்கில் அப்படியே கிடக்கிறது. வாங்கவில்லை. கோபிக்காதே. குவைத் மாமாவின் பழைய மெசினைத் திருத்திவிட்டோம். போன வெள்ளிக்கிழமை அதில் நாலு சாறமும் இரண்டு கட்டில் விரிப்பும் தோய்த்தேன்.

நீ சிரிப்பது தெரிகிறது. ஆனால் நாலு வருசத்துக்கு முன் வாங்கிய அந்தப் புது மெசின் என்ன செய்தது? ஒரு நாள் கரண்ட் போய் வந்தது, அதோடு போர்ட் எரிந்தது. திருத்த வந்த பொடியன் இந்த மொடலுக்குப் போர்ட் இப்போது வருவதில்லை, வேறு மெசின் எடுங்கோ என்று சொல்லிவிட்டு வந்த காசையும் வாங்கிக்கொண்டு போனான். அன்றைக்கு அப்பா ஒன்றும் பேசவில்லை. பின்னேரம் தேத்தண்ணி குடித்துவிட்டு, "இஞ்சரும், கொட்டிலுக்குள்ள இருக்கிறதில போர்ட் எண்டு ஒண்டுமில்லை. எல்லாம் கண்ணால பார்க்கக்கூடிய சாமான்" என்றார்.

அந்த மெசினின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். 1988இல் மாமா லீவில் வந்தபோது கொண்டுவந்தார். நஷனல், இரண்டு தொட்டி, தோய்க்க ஒன்று, பிழிய ஒன்று. நீ வயிற்றில் இருந்தாய்; பிள்ளையின் துணி தோய்த்துத் தங்கச்சிக்கு இடுப்பு ஒடியக் கூடாதாம். அடுத்த வருசம் பிறந்து நீ நனைத்த துணி எல்லாம் தோய்த்தது அதுதான், இப்போது கனடாவில் பெரிய மனிசன் மாதிரிக் கதைக்கிறாய். 1990இல் உன்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு ஓடித் திரும்பி வந்தபோது வீட்டில் ரேடியோ இல்லை, சைக்கிள் இல்லை, கதவு நிலைகூட இல்லை. மெசின் மட்டும் கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. தூக்கப் பாரமென்று விட்டிருப்பார்கள். அதே வருசம் ஆவணியில் ஈராக் குவைத்துக்குள் போக, மாமா உடுத்த உடுப்போடு ஜோர்தான் வழியாக ஊர் வந்து சேர்ந்தார். அவர் அங்கே உழைத்ததில் மிஞ்சியது இந்த மெசின் ஒன்றுதான் என்று சொல்லிச் சிரிப்பார்.

2004 மார்கழி 26ஐ நான் எழுதத் தேவையில்லை. நீயே கண்டவன். மெசினுக்குள் கழுத்து மட்டும் கடல் நின்றது. அப்பா அதைக் கொட்டிலுக்குள் தள்ளிச் சாக்குப் போட்டு மூடினார். அன்றோடு இருபது வருசம்.

ஆவணியில், கச்சான் காற்று அடிக்கும்போது வெளியே இழுத்தோம். பின்பக்கத் தகட்டைக் கழற்ற உள்ளே எலிக்கூடு, குளவிக்கூடு, அடியில் இரண்டு கைப்பிடி கடல் மண். இருபது வருசமாகியும் அந்த மண் ஈரமாக இருந்தது. உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டே இருக்குமாம். அதனால்தான் கடல் தண்ணி பட்ட சாமானைக் காய வைத்தால் மட்டும் போதாது, முதலில் நல்ல தண்ணியில் கழுவ வேண்டும் என்று அப்பா சொன்னார். மோட்டரைத் தண்ணியில் கழுவுவதோ என்று நான் பதறிப்போனேன். மின்சார சபையில் முப்பது வருசம் வேலை செய்த மனிசன் சொல்லும்போது என்ன செய்ய? எங்கள் கிணற்றுத் தண்ணியே கொஞ்சம் உவர் என்று அதைத் தொட விடவில்லை. கந்தளாய்க் குழாய்த் தண்ணியில் மூன்று தரம் கழுவினேன். பிறகு ஒரு மட்டைப் பெட்டிக்குள் வைத்து, அவர் லாச்சியில் ஒளித்து வைத்திருந்த பழைய 100 வோற் பல்ப் ஒன்றை உள்ளே எரியவிட்டு நாலு நாள் காயவிட்டோம். அவருக்குக் கீழே வேலை செய்த ஒருவர் மெகர், அதுதான் கரண்ட் ஒழுகுமா என்று பார்க்கிற மீற்றர், கொண்டுவந்து பார்த்தார். தோய்க்கிற மோட்டர் ஒரு மெகாஓமுக்கு மேல் காட்டியது. அதற்குக் கீழே என்றால் பிளக்கைக் குத்தவே கூடாதாம், ட்ரிப் சுவிட்ச் விழும், இல்லாவிட்டால் ஆள் விழும்.

மீற்றரால் பார்க்க எனக்கும் பழக்கிவிட்டார். தோய்க்கிற மோட்டர் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுற்ற வேண்டும். அதனால் உள்ளே இருக்கிற இரண்டு கம்பிச் சுற்றும் ஒரே அளவு. பொது வயரில் இருந்து இரண்டு பக்கமும் ஒரே எண் காட்டினால் மோட்டர் உயிரோடு இருக்கிறது. பிழிகிற மோட்டர் ஒரு பக்கம்தான் சுற்றும், அதில் இரண்டும் வேறு வேறு எண். எங்களுடையதில் ஒரு பக்கம் ஒன்றுமே காட்டவில்லை. திறந்து பார்த்தால் செப்புக் கம்பி பச்சை பூத்து அறுந்திருந்தது.

அதை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் பஸ்ஸில் கிண்ணியாவுக்குப் போனேன். பாலம் வந்து பதினைந்து வருசமாகிறது, இன்னும் அதில் ஏறும்போது பழைய பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்த காலம்தான் நினைவு வரும். மோட்டர் கட்டுகிற நானா கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது கடல் தண்ணி குடிச்ச மோட்டரெல்லோ" என்றார். அந்த வருசம் இப்படி எத்தனையோ வோட்டர் பம்ப் கட்டினாராம். பழைய சுற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணித் தாளில் குறித்துக்கொண்டு அதே எண்ணிக்கை புதுக் கம்பி சுற்றினார். எண்ணிக்கை பிழைத்தால் வேகமும் பிழைக்கும், சூடும் ஏறும். இரக்கப்பட்டுக் குறைப்பார் என்று பார்த்தேன், ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. வேலை சுத்தம், அதனால் பரவாயில்லை.

மனையியல் படிப்பித்த நான் இந்த மூன்று மாதத்தில் படித்தது கொஞ்சமல்ல. தோய்க்கிற தொட்டியின் அடியில் சுழல்கிற தட்டை ஒரே ஒரு திருகாணிதான் பிடித்து வைத்திருக்கிறது. கறள் பிடித்து அசையவே இல்லை. இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். பிறகும் நான் கழற்றுகிற பக்கம் முறுக்கத் திருகாணித் தலை தேயத் தொடங்கியது. "முதல் கொஞ்சம் இறுக்கும், பேந்து கழட்டும்" என்றார் அப்பா. இறுக்கிய பக்கம் ஒரு சொட்டு அசைந்தது, டிக் என்று சத்தம் கேட்டது, பிறகு வெண்ணெய் மாதிரிக் கழன்றது. தட்டுக்கு அடியில் என்ன இருந்தது தெரியுமா? எட்டுத் தெறி, ஒரு ஊசி, 25 சதக் குத்தி மூன்று, உன் பள்ளிக்கூடச் சேட்டின் பட்ஜ். எடுத்து வைத்திருக்கிறேன்.

பெயாரிங் 6202. அது மோட்டர் சைக்கிள் சாமான் கடையிலேயே கிடைத்தது. கடைசி இரண்டு எண் 02 என்றால் துளை 15 மில்லிமீற்றர் என்று கடைக்காரப் பொடியனுக்கே நான்தான் சொன்னேன். கப்பாசிற்றர் இரண்டும் பழையதில் அச்சடித்த அதே அளவில் வாங்கினோம். ரைமர் சாவி கொடுக்கிற மணிக்கூடு மாதிரி. உள்ளே வெட்டு விழுந்த சின்னச் சக்கரங்கள் தகடுகளைத் தொட்டும் விட்டும் மோட்டரைத் திருப்பிப் போடுகின்றன. தகட்டு முனைகளை மெல்லிய எமரித்தாளால் துடைத்து, சக்கரங்களுக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டேன். அது மட்டும் யாரும் சொல்லித்தராமல் நானே செய்தது.

தொட்டி வெடிப்பில்தான் அவமானப்பட்டோம். கடற்கரையில் பைபர் போட் பூசுகிற பொடியன் வந்து ரெசின் பூசினான். கல்லு மாதிரி இறுகியது. இரண்டாம் நாள் தண்ணி விட, அப்பளம் போலக் கழன்று கையோடு வந்தது. அந்தப் பிளாஸ்ரிக்கில் ரெசின் ஒட்டாதாம். அவனே கறள் தின்ற அடித்தகட்டை உரஞ்சிப் பூசியது அசையாமல் இருக்கிறது, ஆகவே அவனிலும் பிழை சொல்ல முடியாது. கடைசியில் அதே வகைப் பிளாஸ்ரிக்கில் உடைந்த வாளி ஒன்றைக் கீலம் கீலமாக வெட்டி, ஈயம் பற்ற வைக்கிற இரும்பால் உருக்கி வெடிப்பை மூடினோம். வடிவில்லை. ஒழுகவுமில்லை.

தம்பி, இனிச் சொல்வதை இருந்து வாசி.

மெசினைக் கழற்றும்போது வயருக்கு வயர் அப்பா பேப்பர் ரேப்பில் பெயர் எழுதி ஒட்டினார். மொத்தம் பதினேழு. அவரின் எழுத்து உனக்குத் தெரியும், கட்டம் போட்ட மாதிரிப் பெரிய எழுத்து. திரும்பப் பூட்டுகிற நேரம் பார்த்தால், முதலாவது அப்படித்தான் இருக்கிறது. ஐந்தாவது சின்னது. பத்துக்குப் பிறகு எறும்பு ஊர்ந்த மாதிரி. கடைசி மூன்றையும் வெயிலில் பிடித்துப் பார்த்தும் வாசிக்க ஏலவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டுமாக்கும் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் வலது கையைக் கவனித்தேன். சும்மா இருக்கும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. நான் பார்த்தால் கையைச் சாறத்துக்குள் ஒளித்தார்.

கெஞ்சித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பார்க்கின்சன் என்றார் டொக்டர். எழுத்து சிறுப்பதும் அதன் குணம்தானாம். அந்த ரேப்களைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தேன், நல்ல வேலை செய்தீர்கள் என்றார். மாறாது, ஆனால் மருந்தால் நெடுங்காலம் கொண்டுபோகலாம். லெவோடோபா, ஒரு நாளைக்கு மூன்று தரம், சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன். மீனோடும் பருப்போடும் சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராதாம். மீன் இல்லாமல் சோறு இறங்காத மனிசனோடு இந்த அரை மணித்தியாலத்துக்காக நான் தினமும் சண்டை பிடிக்கிறேன்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டார். நான் வாயால் சொல்லவில்லை, எழுதுகிறேன்.

ஒன்று கவனித்தேன். கை சும்மா இருந்தால்தான் நடுக்கம். திருப்புளியைக் கையில் எடுத்தால் அடங்கிவிடுகிறது. வைத்தால் திரும்பத் தொடங்குகிறது. டொக்டரும் அது அப்படித்தான் என்றார். இப்போது சாமான் பெட்டி எப்போதும் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரிய திருகாணிகளை அவர் பூட்டினார். சின்னது, ஊசி மாதிரி வேலை எல்லாம் நான். அவர் வாய், நான் கை.

வெள்ளிக்கிழமை முதலில் பல்ப் ஒன்றைத் தொடராகப் போட்டுத்தான் கரண்ட் கொடுத்தார். எங்கேயாவது சோட் இருந்தால் பல்ப் முழுசாக எரியும், மெசின் தப்பும். மங்கலாகத்தான் எரிந்தது. பிறகு நேரே கொடுத்தோம். தோய்க்கிற பக்கம் பழைய சத்தமே. பிழிகிற பக்கத்தில் சாறங்களைப் போட்டுச் சுற்றவிட, மெசின் துள்ளித் துள்ளிக் கிணற்றடியில் இருந்து கறிவேப்பிலை மரம் வரைக்கும் நடந்து போனது. நான் பிளக்கைப் பிடுங்க ஓட, அப்பா கதிரையில் இருந்து கண்ணால் தண்ணி வரச் சிரித்தார். மெசினின் ஒரு கால் கட்டை. பழைய பாட்டாச் செருப்பில் ஒரு துண்டு வெட்டி வைத்தேன், நின்றுவிட்டது.

இந்த மாரியில் பிழிந்த உடுப்பு விறாந்தையிலேயே பின்னேரத்துக்குள் காய்கிறது. அந்தக் காசைத் தொடாமல் வைத்திரு என்று நீ சொன்னால் வைத்திருப்பேன். என் விருப்பம், அதைப் போட்டு ரிக்கற் எடுத்துப் பங்குனியில் கோணேசர் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு வா. வரும்போது மெசினுக்குப் பெல்ற் ஒன்று, அளவு எம் 20, இரண்டு கிடைத்தாலும் நல்லது. மின்சாரச் சாமான் ஒன்றும் வேண்டாம். உங்கள் 120 வோல்ற்றும் 60 சைக்கிளும் இங்கே உதவாது என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார், பெல்ற்றுக்கு மட்டும் வோல்ற் இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை நீ கோல் எடுக்கும்போது கையைப் பற்றிக் கேட்காதே. பிறேக்கைப் பற்றிக் கேள். மூடியைத் திறந்த பிறகும் பிழிகிற தொட்டி நிற்க நேரம் எடுக்கிறது. பிறேக் வயர் இறுகிவிட்டது, தளர்த்தினால் போதும் என்கிறார் அவர். கட்டை தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறேன் நான். வெள்ளிக்கிழமையில் இருந்து இதே வழக்குத்தான். நீ அவர் பக்கம் நின்று கொஞ்ச நேரம் கதை. அதற்குள் நான் கட்டையை மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்
அம்மா