ஹாரிஸ் விண்ணப்பம் போடுவதற்கு முன்

வேதாளை

அன்புள்ள மும்தாஜ்,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணனும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கடிதத்துக்கு உடனே பதில் போட நினைத்தேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய நேரம், வீட்டில் கை ஓயவே இல்லை.

ஹாரிஸ் ராணுவ அதிகாரியாக ஆசைப்படுகிறான் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கக் கல்லூரிக்கு வந்தவர், "முதலில் அக்னிவீரில் சேர், அப்புறம் அதிகாரி ஆகிக்கொள்ளலாம்" என்றாராமே, அதுதான் உறுத்துகிறது. என் மகள் சுடருக்கும் இதே பேச்சுதான் கிடைத்தது. அதிகாரிக்கு எங்கே எழுதிப் போடுவது என்று கேட்டாள். பெண்களுக்கு மிலிட்டரி போலீஸ் இருக்கிறது, அதைப் போடு என்று நோட்டீஸை நீட்டினார்கள்.

அவர்களைக் குறை சொல்லவில்லை. சிப்பாய்களைச் சேர்ப்பதுதான் அந்த மேஜையின் வேலை. அக்னிவீர் என்றால் 4 வருடச் சிப்பாய் வேலை, அதற்குப் பிறகு 25 சதவீதம் பேர் வரைதான் தொடர முடியும். சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரி ஆனவர்கள் உண்டு, ஆனால் அது நீண்ட வழி. பட்டம் கையில் வரப்போகிற பையன் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. மத்தியத் தேர்வாணையமான யுபிஎஸ்சி வருடத்துக்கு இரண்டு முறை நடத்தும் சிடிஎஸ் என்ற அதிகாரித் தேர்வு இருக்கிறது. கடைசி வருடம் படிக்கிறவர்களும் எழுதலாம். அவன் பி.காம். என்றாலும் டேராடூன் ராணுவ அகாடமிக்கும் நம் சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கும் (ஓடிஏ) போடலாம். டேராடூனுக்கு ஆங்கிலம், பொது அறிவு, கணக்கு. பரங்கிமலைக்குக் கணக்கு கிடையாது. கட்டணம் 200 ரூபாய், பெண்களுக்கு அதுவும் இல்லை. அடுத்த முறை அந்த ஆளைப் பார்த்தால், இது எந்த நுழைவு, எத்தனை வருடப் பணி, மருத்துவப் பரிசோதனையில் நின்றுபோனால் என்ன வழி என்று ஹாரிஸ் நேராகக் கேட்கட்டும். பதிலை எழுதி வாங்கிக்கொள்ளட்டும். கேட்கிற பிள்ளையை யாரும் சுலபத்தில் திசைதிருப்ப முடியாது.

இன்னொரு கூட்டத்திடம்தான் நீ ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "உள்ளே நமக்கு ஆள் இருக்கிறது" என்று பணம் கேட்டு வருவார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். எழுத்துத் தேர்வுக்குப் பிறகு எஸ்எஸ்பி என்று ஐந்து நாள் நேரில் வைத்துப் பார்க்கும் தேர்வில் உளவியலாளர், குழுப் பயிற்சிகளைப் பார்க்கும் அதிகாரி, நேர்காணல் எடுப்பவர் என்று மூன்று பேர் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள். ஐந்தாம் நாள் கூடி உட்கார்ந்துதான் முடிவு. இதில் எவன் யாருக்குக் காசு கொடுத்து என்ன நடக்கும்? அசல் சான்றிதழ்களை அந்த மாதிரி ஆட்கள் கையில் தந்துவிடாதே.

வந்தவர் இன்னொன்றும் சொன்னார். படிவத்தில் தகப்பன் தொழிலை 'வியாபாரம்' என்று போடச் சொன்னார், அப்போதுதான் மதிப்பாம். எனக்கு ரத்தம் கொதித்தது. சுடர் 'மீனவர்' என்றே எழுதினாள். பெங்களூர் எஸ்எஸ்பியில் நேர்காணல் அதிகாரி அதையே பிடித்துக்கொண்டாராம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு ஏன் போகக்கூடாது, அப்போது குடும்பம் எதை வைத்து ஓடும், நாட்டுப்படகுக்கு மட்டும் ஏன் தடை இல்லை என்று கேள்வி மேல் கேள்வி. இவளுக்குத் தெரியாத விஷயமா? மீன் முட்டையிடும் காலத்திலிருந்து டீசல் மானியம் வரைக்கும் சொன்னாளாம். இங்கிலீஷ் அங்கங்கே தடுக்கியதாம், அவர் கண்டுகொள்ளவில்லை. பொய் எழுதியிருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே திணறியிருப்பாள். ஹாரிஸிடம் இதைக் கட்டாயம் சொல்.

எஸ்எஸ்பியில் வரும் சொல் தேர்வுக்கும் பழகச் சொல். 60 வார்த்தைகள் வரும், ஒவ்வொன்றையும் பார்த்து ஒரு வாக்கியம் எழுத 15 விநாடிதான். மனப்பாடம் செய்த வாக்கியம் அந்த வேகத்தில் ஓடாது. முதல் முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணம் திரும்பத் தருவார்கள், டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

சுடர் எஸ்எஸ்பியில் தேறி, மருத்துவப் பரிசோதனையும் முடித்துவிட்டாள். ஆனாலும் தகுதிப் பட்டியலில் பெயர் வந்தால்தான் உறுதி. நம் ராமேஸ்வரத்துக் கலாம் ஐயா விமானப்படைத் தேர்வுக்குப் போய் ஒன்பதாவதாக வந்தார், இடம் இருந்ததோ எட்டு. அதனால் தேறினாலும் ஒரு படி பாக்கி இருக்கிறது என்று ஹாரிஸுக்கு இப்போதே தெரிந்திருக்கட்டும். உச்சிப்புளியில் இருக்கும் கடற்படையின் பருந்து விமானத் தளத்திலிருந்து விமானம் வீட்டுக்கு மேலே போகும்போதெல்லாம் வெளியே ஓடி வந்து பார்த்த பிள்ளை இவள். பட்டியல் வரும்வரை எனக்குத் தூக்கம் சரியாக இல்லை, உன்னிடம் சொல்வதற்கென்ன.

ஹாரிஸின் பிறந்த தேதியை எழுதி அனுப்பு. வயது வரம்பு ஒவ்வொரு அகாடமிக்கும் வேறு வேறு, ஒரு நாள் கூடினாலும் ஏற்க மாட்டார்கள். சுடரின் பழைய வினாத்தாள்களைக் கட்டி வைத்திருக்கிறேன். கீழக்கரைக்கு வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வா, அவளே உட்கார வைத்துச் சொல்லித் தருவாள்.

அன்புடன்,
செல்வி