ஞாயிறு 200 கி.மீ.: கிளம்பும் முன் ஒரு வார்த்தை

வணக்கம் மக்களே,

ஞாயிறு காலை 5 மணிக்குத் திருவான்மியூரில் சைக்கிளில் கிளம்பி, ஈ.சி.ஆர். வழியாக மரக்காணம் பக்கம் போய்த் திரும்புகிறோம். பிரவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம்) கணக்குப்படி 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம். சராசரி மணிக்கு 15 கி.மீ. வேகம் போதும். ஆனால் கடிகாரம் டீக்கடையிலும் ஓடும். நேரத்தைத் தின்பது மிதிப்பதல்ல, நிற்பதுதான்.

பஞ்சர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பட்டவன் என்பதால். போன தடவை கல்பாக்கம் தாண்டி டியூப் மாற்றினேன், பத்து நிமிடத்தில் மறுபடியும் காற்றுப் போனது. லாரி டயரிலிருந்து உதிர்ந்த மயிரிழைக் கம்பி ஒன்று டயருக்குள்ளேயே குத்திக்கொண்டு இருந்திருக்கிறது. புது டியூப் போடும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவுங்கள், துணி சிக்கும் இடத்தில்தான் ஆள் இருப்பான். இரண்டு டியூப், டயர் கழற்றும் லீவர், பம்ப் கட்டாயம். பின்னால் உதவி வண்டி எதுவும் வராது, அவரவர் பஞ்சர் அவரவருக்கு.

முன்விளக்கு, பின்விளக்கு, ஹெல்மெட், ஒளிரும் மேலாடை இல்லாமல் வராதீர்கள். இதில் சலுகை கிடையாது.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் மோர் கிடைத்தால் விடாதீர்கள். புது ஷூ, புது சீட்டை ஞாயிறன்று சோதிக்க வேண்டாம்.

அப்புறம், திரும்பும்போது மதியக் கடல்காற்று வலப்பக்கத்திலிருந்து தள்ளும். காலையிலேயே கால்களின் தெம்பை எரித்துவிடாதீர்கள்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் குழுவில் பெயர் போடவும்.