ஆனந்தரங்கரின் பக்கங்களை மாணவர்கள் படிக்கட்டும்

பள்ளி வரலாற்றுப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். நான் படித்த காலத்தில், கர்நாடகப் போர்ப் பாடத்தின் சான்றுகளுள் ஒன்றாக ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர் ஒரு வரியில் வந்துபோனது. அவர் எழுதிய நாட்குறிப்புப் பக்கங்களையே பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

பிள்ளை 1736இல் தொடங்கி, 1761இல் இறக்கும் காலம்வரை புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிவந்தார். 1747இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியான, அதாவது இருமொழி அறிந்த இடையாளரான அவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். நவாபுகளோடு நடந்த கடிதப் போக்குவரத்திலும் பேரங்களிலும் அவர் கை இருந்தது. பகலில் துரையவர்கள் எதிரில் அளந்து பேசிய மனிதர், தம் ஏட்டில் மட்டும் மனம்திறந்தார்.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறோம். அந்த வெற்றிக்குப் பின்னே இரண்டு பிரெஞ்சுத் தலைவர்களின் பகை இருந்தது. படைநடத்திய லபூர்தொனே, 11 லட்சம் வராகன் பெற்றுக்கொண்டு நகரை ஆங்கிலேயரிடமே திருப்பித்தர உடன்பட்டார். நகரை ஆற்காட்டு நவாபு அன்வருதீனிடம் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்த துய்ப்ளே அதற்கு இணங்கவில்லை. கடைசியில் நவாபுக்கும் நகரம் கிடைக்காமல், அடையாற்றங்கரையில் அவருடைய படை தோற்றது. இந்தச் சிக்கலை ஆளுநர் மாளிகைக்குள் நின்று பார்த்தவரின் தமிழ் நம்மிடம் இருக்கும்போது, அதை மாணவருக்குக் காட்டாமல் விடுவது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது.

1748 செப்டம்பர்ப் பக்கங்களை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஆங்கிலேயர் முற்றுகையிட வந்த நெருக்கடியில், புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயிலை இடிக்க ஆணை பிறந்தது. முந்தைய ஆளுநர்கள் முயன்றும் நடவாதது அந்தப் போர்ச்சூழலில் நடந்துவிட்டது. விக்கிரகங்கள் காளத்தீசுவரர் கோயிலுக்குப் போனதையும், ஊர்ப்பெரியவர்கள் ஒன்றுபட்டு நில்லாததையும், இதில் துய்ப்ளேயின் மனைவிக்கு இருந்த பங்கையும் பிள்ளை ஆற்றாமையோடு எழுதிவைத்தார். ஆனால் மறுநாளும் அவர் அதே ஆளுநரிடம்தான் வேலைக்குப் போனார். அந்த இரண்டு நிலைகளையும் ஒருசேரப் பார்க்கும் மாணவருக்கு, அதிகாரத்தின் அருகில் இருப்பது எத்தகையது என்பதை யாரும் தனியே விளக்க வேண்டியிராது.

அதே வேளையில், அவரை அப்படியே நம்பச் சொல்லிப் பாடம் எழுத வேண்டாம். அவர் வணிகர், பதவிப் போட்டியில் இருந்தவர், துய்ப்ளேயின் மனைவி மீது கடுங்கசப்புக் கொண்டவர். யாரைப் பற்றி எழுதும்போது அவர் குரல் மாறுகிறது என்று மாணவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

நான்கு பக்கங்கள் போதும். இக்கால நடைக்கு மாற்றாமல், ‘முசே’ (‘திரு’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்) முதலிய அவர் காலத்துச் சொற்களோடும் எழுத்துமுறையோடும் அச்சிட்டு, அருஞ்சொற்பொருளை ஓரத்தில் தந்தால், ஒன்பதாம் வகுப்பு மாணவர் தடையின்றிப் படித்துவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று வாசகர்