தேயிலைக்கு ஈடாக வந்த கூரைத் தகடு: சுகாதார, சுற்றாடல் அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சுகாதார அமைச்சருக்கும் சுற்றாடல் அமைச்சருக்கும்,

வணக்கம். ஹட்டனில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். கல்நார் (அஸ்பெஸ்டோஸ்) கூரைத் தகடுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் விற்பவர்கள் தரப்பில் ஒரே பதில் வருகிறது. இத்தகடுகளில் கலக்கும் வெள்ளைக் கல்நார் மற்ற வகைகளைப் போன்றதல்ல, கவனமாகக் கையாண்டால் ஆபத்தில்லை என்பார்கள். அரசும் இதை ஏற்றுக்கொண்டதுபோலவே நடந்துகொள்கிறது. அதனால்தான் இம்மடல்.

நடந்ததை முதலில் நினைவூட்டுகிறேன். நீலக் கல்நாரை இலங்கை 1987ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது. வெள்ளைக் கல்நார் இறக்குமதியையும் 2018 முதல் கட்டுப்படுத்திப் படிப்படியாக நிறுத்துவதென்று பின்னர் முடிவானது. 2017 டிசம்பரில், நமது தேயிலைப் பொதி ஒன்றில் தானியங்களை அழிக்கும் கப்ரா வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. நமக்கு வெள்ளைக் கல்நாரைப் பெருமளவில் விற்கும் நாடும் ரஷ்யாதான். கொழும்பு கல்நார்த் தடையிலிருந்து பின்வாங்கியது. தேயிலைத் தடையும் விரைவிலேயே நீங்கியது. வண்டு எங்கே போனதென்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. கொழுந்து பறிப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நான், தேயிலைச் சந்தையைக் கைவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பேரத்தில் நாம் எதைக் கொடுத்தோம் என்பது அமைச்சரவைப் பத்திரங்களில் எழுதப்பட்டிராது. அதை நான் எழுதுகிறேன்.

கல்நாரின் கொடுமை அதன் வடிவத்தில் இருக்கிறது. 3 மைக்ரோமீற்றரைவிட மெல்லியதாகவும் 5 மைக்ரோமீற்றரைவிட நீளமாகவும் உள்ள இழைகளையே உலக சுகாதார நிறுவனம் எண்ணச் சொல்கிறது. மனிதத் தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குகூட அவை இல்லை. மூக்கும் மூச்சுக்குழாய்ச் சளியும் அவை எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவதில்லை. தப்பியவை காற்றின் போக்கிலேயே காற்றுச் சிற்றறைகள் வரை இறங்கிவிடுகின்றன. அங்கே தூசியை விழுங்கி அகற்றும் தின்குழியங்கள் என்னும் கலங்கள் காவல் நிற்கின்றன. உருண்டையான துகளென்றால் விழுங்கிவிடும். 20 மைக்ரோமீற்றர் நீளமான இழை என்றால், கைப்பைக்குள் திணித்த குடைபோல ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மூட முடியாத அந்த வாய்வழியே நொதியங்களும், கிருமிகளைக் கொல்வதற்கென்று வைத்திருந்த ஒட்சிசன் சேர்மங்களும் கசிந்து, அருகிலுள்ள நல்ல கலங்களையே எரிக்கின்றன. கலம் இறந்துவிடும், இழை அப்படியே கிடக்கும். அடுத்த தின்குழியம் வந்து அதே இழையை விழுங்கப் பார்க்கும்.

கலத்துக்குள் அபாயமணி அடிப்பது என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதம். கல்நாரும் சரி, கல்லுடைக்கும் இடங்களில் பறக்கும் சிலிக்காத் தூசியும் சரி, அதையே தட்டியெழுப்புகின்றன என்பதை 2008இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மணி அடித்ததும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் சுரந்து அழற்சி தொடங்குகிறது. இழை போகாததால் அழற்சியும் போவதில்லை. ஆண்டுக்கணக்கில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் படிந்து, பஞ்சுபோல் விரிய வேண்டிய நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. அதன் பெயர் அஸ்பெஸ்டோசிஸ். இறுகியதை மீண்டும் இளக்கும் மருந்து இல்லை. இன்னும் சில இழைகள் நுரையீரலைப் போர்த்தியுள்ள மென்சவ்வை எட்டி, அங்குள்ள கலங்கள் பிரியும்போது மரபுச் செய்தியைத் தாங்கும் நிறமூர்த்தங்களில் சிக்கி அவற்றைச் சிதைக்கின்றன. மீசோதீலியோமா என்ற புற்றுநோய் எழுவது அந்தச் சவ்வில்தான்.

வெள்ளைக் கல்நார் நுரையீரலில் ஓரளவு விரைவாகக் கரைகிறது என்பது பொய்யல்ல. நீல வகையைவிட அது குறைந்த காலமே தங்குகிறது. விற்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். வெள்ளை உட்பட எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் தீர்ப்பளித்திருப்பதைச் சொல்லமாட்டார்கள்.

சரி, கவனமாகக் கையாள்வது யார்? தொழிற்சாலையில் ஈரமாக்கி வேலை செய்யலாம், உறிஞ்சுகருவி பொருத்தலாம், தகுந்த முகமூடி கொடுக்கலாம். தகடு லொறியில் ஏறி ஊருக்கு வந்தபின்? முற்றத்தில் இரண்டு கட்டைகளின் மேல் தகட்டை வைத்து, கூரை வேலை செய்யும் பாஸ் கிரைண்டரால் அறுக்கிறார். வாயில் ஒரு துவாய். அதுவும் பல வேளை கழுத்தில்தான் கிடக்கும். அறுத்த தூளை வீட்டுப் பெண்கள் விளக்குமாற்றால் கூட்டுகிறார்கள், மாலையில் அவருடைய உடுப்பை மனைவி உதறித் தோய்க்கிறார். உடைந்த துண்டுகள் ஒழுங்கையில் குழி நிரப்பப் போகின்றன. புயலிலும் மண்சரிவிலும் இடிந்த வீடுகளைத் துப்புரவு செய்பவர்களிடம் இந்தத் தூசி பற்றி யாராவது சொல்லியிருக்கிறார்களா?

அப்படியானால் நோயாளிகள் எங்கே என்று கேட்பார்கள். மீசோதீலியோமா வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம். 1990களில் கூரை வேய்ந்த ஒருவர் இப்போது இருமலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தால், புகைப்பீர்களா என்று கேட்பார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பவர் அரிது. கேட்காத கேள்விக்குப் பதிவேட்டில் விடை இருக்காது.

பீதி கிளப்புவது என் நோக்கமல்ல. உடையாத, தேயாத கூரை தலைக்கு மேல் சும்மா இருக்கும்வரை பெரிதாக இழைகளை உதிர்ப்பதில்லை. நாளைக்கே எல்லாவற்றையும் பிடுங்கியெறியச் சொன்னால்தான் தூசி பறக்கும். தோட்ட லயத்துக் கூரைத் தகரம் துருப்பிடித்து ஒழுகும் குடும்பத்திடம், மலிவாகக் கிடைப்பதை வாங்காதே என்று வெறும் கையோடு போய்ச் சொல்லவும் முடியாது. கல்நார் கலக்காத நார்ச்சீமெந்துத் தகடுகள் இன்று உலகில் பரவலாகப் பயன்படுகின்றன. வரியைக் குறைத்து அவற்றையும் கூரை ஓடுகளையும் ஏழை வீட்டுக்கு எட்டச் செய்வது உங்கள் கையில் இருக்கிறது.

இறக்குமதி நிறுத்தத்துக்கு மீண்டும் ஒரு திகதியைக் குறித்து வர்த்தமானியில் வெளியிடுங்கள். இம்முறை தேயிலைச் சந்தையோடு அதை முடிச்சுப் போடாதீர்கள். அந்தத் திகதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. கல்நார்த் தகட்டை மின் கிரைண்டரால் உலர்வாக அறுப்பதைச் சட்டப்படி தடைசெய்யலாம். நனைத்து, கைவாளால் மெதுவாக அறுக்கும் முறையைப் பிரதேச சபைகள் மூலம் பாஸ்மாருக்குக் கற்பிக்கலாம். விற்கும் ஒவ்வொரு தகட்டிலும் மூன்று மொழிகளிலும் எச்சரிக்கை அச்சிடச் செய்யலாம். உடைந்த தகடுகளைப் பொலித்தீனில் சுற்றி ஒப்படைக்க மாவட்டத்துக்கு ஓர் இடமாவது ஒதுக்கலாம். நெஞ்சு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் நோயாளியின் வாழ்நாள் தொழில் விபரத்தைப் பதிவது ஒரு சுற்றறிக்கையோடு முடிகிற காரியம்.

இவற்றுள் எது எந்த அமைச்சின் பொறுப்பு, எந்த அதிகாரி அதற்குப் பதில் சொல்வார் என்பதை எழுத்தில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்