மூன்றாம் படிக்குத்தான் சிவப்பு மை

மதுரை
ஞாயிறு

அன்பு மகள் கயல்விழிக்கு,

உங்கள் வீட்டைப் போலவே, இராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலும் தங்கச்சிமடத்திலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் வீட்டார், இலக்கியத்தையும் எழுத்தையும் மட்டும் நீ சொல்லிக்கொடு என்று கேட்டிருக்கிறார்கள் என்றாய். நம்ம பேரனையும் சேர்த்து ஏழு பிள்ளைகள், 13 முதல் 16 வயது, வாரம் இரண்டு நாள். எதில் தொடங்குவது என்று போனில் கேட்டாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வயதுப் பிள்ளைகளை எழுதவைப்பது கஷ்டமே இல்லை, தாயி. தலைப்பைக் கொடுத்தால் அரை மணியில் ஒரு பக்கம் வந்துவிடும். அந்தப் பக்கத்தையே திரும்ப எழுதவைப்பதுதான் வகுப்பு. தலைப்புக் கொடுத்து, வாங்கி, பிழைக்கு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்து, அடுத்த வாரம் வேறு தலைப்பு என்று போகும் வகுப்பில் வருடக் கடைசியில் நாற்பது கட்டுரை சேரும். நாற்பதாவதும் முதலாவதைப் போலவே இருக்கும். நீ 12 வாரத்தில் நான்கே நான்கு எழுத்து வைத்துக்கொள். ஒவ்வொன்றையும் மூன்று முறை எழுதட்டும்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு நல்லதும் ஒரு குறையும் இருக்கும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற கட்டுக்குள் அவர்கள் கை இன்னும் பழகியிருக்காது. அது நல்லது, அதைக் கெடுக்காதே. ஆனால் இன்னொரு பிள்ளை வாசிக்கும்போது வாய்மூடிக் கேட்டுப் பழக்கம் இருக்காது, கெடு வைத்து எழுதி முடிக்கும் பழக்கமும் இருக்காது. படிப்பின் அளவும் ஒன்றுபோல இராது. ஆங்கிலத்தில் தடித்தடியாக நாவல் படிக்கும் பிள்ளை தமிழ் எழுத்தைக் கூட்டிக்கூட்டிப் படிக்கும். பேச்சில் வெளுத்துவாங்கும் பிள்ளை ல, ள, ழ மூன்றையும் கலந்து எழுதும். ஆகவே வயதை வைத்துப் பிரிக்காதே. எல்லாருக்கும் ஒரே பாடம், எழுதும் நீளம் மட்டும் ஆளுக்குத் தக்கபடி.

நேரம் நாலரையிலிருந்து ஆறு. முதல் பத்து நிமிடம் யாரிடமும் காட்டத் தேவையில்லாத எழுத்து. பேனா நிற்கக்கூடாது, அவ்வளவுதான் விதி. அதை நீயும் வாங்கிப் பார்க்காதே. அடுத்து இருபத்தைந்து நிமிடம் வாசிப்பு, இருபது நிமிடம் பேச்சு, இருபத்தைந்து நிமிடம் எழுத்து, மிச்சம் பத்து நிமிடம் வாய்விட்டுப் படிப்பது. நேரம் பற்றாவிட்டால் பேச்சைக் குறை, எழுதும் நேரத்தில் கைவைக்காதே. வீட்டுக்குப் போய் எழுதிவா என்றால் பாதிப் பேர் எழுதமாட்டார்கள், மீதிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ எழுதிக்கொடுப்பார்கள். 192 பக்கக் கோடு போட்ட நோட்டு ஆளுக்கு ஒன்று. இடப்பக்கம் காலியாக விட்டு வலப்பக்கம் மட்டும் எழுதச்சொல். திருத்தி எழுத அந்த இடப்பக்கம் வேண்டும்.

வாசிப்பைக் கதையில் தொடங்காதே, குறும்பாட்டில் தொடங்கு. குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் 4 முதல் 8 அடி, ஐங்குறுநூறு 3 முதல் 6 அடி. ஒரு உட்காரலில் நாலு முறை படித்துவிடலாம். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூறு உன் பிள்ளைகள் கரைக்கே பொருந்தும்: புன்னை, தாழை, நாரை, உப்பங்கழி எல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தவை. அதில் தொண்டிப் பத்து வந்ததும் ஒரு பிள்ளையாவது “நம்ம தொண்டியா?” என்று துள்ளும். இல்லை, அது மேற்குக் கரையில் இருந்த சேரர் துறைமுகம் என்று அப்போதே சொல்லிவிடு. பாட்டுகள் இணையத்தில் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும் இலவசமாகவே கிடைக்கும். சொல் பிரித்து, பெரிய எழுத்தில் நீயே ஒரு தாளில் எழுதி நகல் எடு.

உரையை முதலில் கொடுக்காதே. உரை கையில் இருந்தால் பிள்ளைகள் பாட்டைப் பார்க்கவே மாட்டார்கள். தெரியாத சொல்லுக்கு மட்டும் ஓரத்தில் பொருள் எழுது. பிறகு மூன்று கேள்வி: யார் யாரிடம் பேசுகிறார், எந்த இடம் எந்தப் பொழுது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். மூன்றாவது கேள்விக்கு விடை வரக் கொஞ்ச நேரமாகும், நீ அவசரப்பட்டு எடுத்துக்கொடுத்துவிடாதே. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று மனப்பாடம் செய்வதைவிட, நாரையைப் பற்றிப் பேசிக்கொண்டே போகும் பெண் உண்மையில் எதற்கு வருந்துகிறாள் என்று ஒரு பிள்ளை தானே கண்டுபிடிப்பது மேல்.

அதே நெய்தல் நூறில் வரும் வெள்ளாங்குருகுப் பத்தைக் கட்டாயம் எடு. பத்துப் பாட்டும் ஒரே தொடக்கத்தில் தொடங்கி, ஒவ்வொன்றும் வேறிடத்தில் போய் முடியும். பயிற்சி அதிலேயே இருக்கிறது. ஏழு பேரும் சேர்ந்து, கரையில் கண்ட ஒன்றை வைத்து இரண்டு வரி தொடக்கம் கட்டட்டும். மீன்கூடையைச் சுற்றும் பருந்தாக இருக்கலாம், காயப்போட்ட பாசியாக இருக்கலாம். அந்த இரண்டு வரியை மாற்றாமல் ஆளுக்கு மூன்று வரி சேர்த்து முடிக்கட்டும். பேசுவது எழுதும் பிள்ளையாக இருக்கக்கூடாது, கேட்பவர் ஒருவர் இருக்கவேண்டும், உணர்ச்சியின் பெயர் ஒன்றுகூட வரக்கூடாது. முதல் முயற்சியில் “என் மனம் வாடுகிறது” என்று யாராவது எழுதியே தீருவார்கள். சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்த காது அப்படித்தான் எழுதும், திட்டாதே. அந்த வரியை எடுத்துவிட்டு, மனம் வாடியபோது அந்தப் பெண்ணின் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேள். இன்னும் சிலர் தலைவி, பசலை என்று பழஞ்சொல்லை அள்ளிப் போடுவார்கள். சங்கப் பாட்டு தன் காலத்துக் கரையைப் பாடியது, நீ உன் கரையைப் பாடு என்று சொல்.

உரைநடைக்கு வரும்போது கதை எழுதச் சொல்வதற்கு முன்னால் பார்த்து எழுதச் சொல். மீன் இறங்குதளத்துக்கு ஒரு காலை கூட்டிக்கொண்டு போ. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, அதற்கு முன்பே முடித்துவிடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை வைக்காதே, அப்போது வாசிப்பு. தளத்தில் இருபது நிமிடம் யாரும் பேசக்கூடாது. பதினைந்து பொருள், பத்து வினை, காதில் விழுந்த ஐந்து பேச்சு, சொன்னது சொன்னபடி நோட்டில் வரவேண்டும்.

இதில் நடக்கும் தப்பு என்ன தெரியுமா? சூடை, காரல், நகரை, சீலா என்று இருபது மீன் பெயர் தெரிந்த பிள்ளை நோட்டில் “பலவகை மீன்கள்” என்று எழுதும். வலையில் சேர்ந்து வரும் கழிவுப் பொடிமீனைச் சொல்லும் சங்காயம் என்ற சொல் வீட்டில் தினம் காதில் விழும், எழுத்தில் வராது. எழுத்துக்கென்று வேறொரு தமிழ் இருக்கிறது, வீட்டுச் சொல் அங்கே செல்லாது என்று எங்கிருந்தோ கற்றிருப்பார்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்த ஊரில் “குளிர்ந்த காற்று வீசியது” என்று எழுத விடாதே. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல் என்கிறார்களே, அந்த வேறுபாட்டை ஒரு பத்தியில் காட்டு என்று கொடு. “நீலக் கடல்” என்று எழுதினால் எந்தப் பக்கத்துக் கடல் என்று திருப்பிக் கேள். சுவரில் ஒரு சார்ட்டை ஒட்டி, பிள்ளைகள் கொண்டுவரும் கரைச் சொல்லை எல்லாம் அதில் எழுது. பேச்சுக்கு வந்துச்சா, வந்திச்சா என்ற குழப்பத்தையும் அதிலேயே தீர்த்துக்கொள். எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு எழுத்து முறை போதும். பாத்திரம் பேசுவது ஊர்ப் பேச்சில், கதை சொல்வது பொதுத் தமிழில் என்று தொடங்கட்டும். கை தேறியபின் மீறிக்கொள்ளட்டும்.

வாக்கியத்தில் நான் முதலில் பார்ப்பது எச்சத் தொடர். “தம்பி எழுந்து, பல் விளக்கி, இட்லி தின்று, சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தடிக்குப் போய், கடலில் குதித்தான்.” இலக்கணப்படி பிழை இல்லை. ஆனால் இட்லி தின்றதும் கடலில் குதித்ததும் ஒரே எடையாகிவிட்டது. முக்கியமான வினைக்கு முன்னால் ஒரு முற்றுப்புள்ளி வைக்கச்சொல், மற்றதில் பாதியை வெட்டச்சொல். அடுத்தது, ஆங்கிலம் அதிகம் படிக்கும் பிள்ளையின் ‘ஒரு’. ஒரு கிழவர் ஒரு படகில் ஒரு வலையோடு வருவார். ஒன்றை விட்டுவிட்டு மீதி எல்லாம் அடி. மூன்றாவது, காலம் மாறிமாறி வருவது. வந்தான், பார்க்கிறான், சொன்னான் என்று போகும். வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிடச் சொன்னால் பிள்ளையே கண்டுகொள்ளும்.

கதைகளில் சாவு, கனவு, நீதி இந்த மூன்றில் ஒன்றுதான் முடிவாக வரும். எப்படி நிறுத்துவது என்று தெரியாததால்தான் ஆளைக் கொல்கிறார்கள். கடைசி மூன்று வரியைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்கச்சொல். பெரும்பாலும் கதை அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

இனித் திருத்தம். இதில்தான் நீ பொறுமையாக இருக்கவேண்டும். முதல் படியில், அதாவது முதல் முறை எழுதியதில், உன் பேனா படவே கூடாது. ஓரத்தில் பென்சிலால் இரண்டு கேள்வி மட்டும்: “இவர் எங்கே நிற்கிறார்?” “அப்போது மணி என்ன?” இப்படி. இரண்டாம் படியில் ஒரே ஒரு விஷயம், எச்சத் தொடர் என்றால் அது மட்டும். மூன்றாம் படியில்தான் எழுத்துப்பிழையும் ஒற்றும், அப்போது சிவப்பு மையை எடு. முதல் படியிலேயே எல்லாப் பிழைக்கும் வட்டம் போட்டால், அடுத்த முறை பிள்ளை தனக்குப் பிழையில்லாமல் எழுதவரும் சொல்லை மட்டுமே எழுதும். சங்காயம் போய்ப் பலவகை மீன்கள் வந்துவிடும். ர, ற தடுமாறும் பிள்ளைக்கு வாரம் மூன்று சொல் போதும், நோட்டின் கடைசிப் பக்கத்தில். ஐயம் வந்தால் கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை அவர்களே புரட்டட்டும், வாக்கிய உதாரணத்தோடு இருக்கும். மூன்று படியையும் சேர்த்துப் பின் அடித்துத் தேதி போட்டுக் கோப்பில் வை. மதிப்பெண் போடாதே. பெற்றோர் கேட்டால் முதல் படியையும் மூன்றாம் படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு.

ஒருவர் எழுத்தை எல்லாரும் பேசும்போது எழுதிய பிள்ளை வாய் திறக்கக்கூடாது. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், தாளில் இல்லாததை எல்லாம் வாயால் நிரப்பிவிடும். கேட்டவர்கள் முதலில் மனதில் நின்றதைத் திருப்பிச் சொல்லட்டும், பிறகு ஆளுக்கு ஒரு கேள்வி. “நல்லாருக்கு” என்ற சொல்லுக்குத் தடை. ஒரு எழுத்துக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போகாதே, இரண்டு எழுத்தோடு நிறுத்து.

நான்கில் ஒரு எழுத்து பெரியவர்களிடம் கேட்டு எழுதுவதாக இருக்கட்டும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலை நேரில் கண்டவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் பெரும்பாலும் அப்போது சிறுபிள்ளைகள். இன்னும் தள்ளிப்போட முடியாது. அவர்கள் சம்மதம் கேட்டு அரை மணி போனில் பதிவு செய்யட்டும். எழுத்தில் இறக்குவது அதில் ஐந்து நிமிடம் மட்டும். அதற்கே ஒரு மணி நேரம் பிடிக்கும். பாட்டி “தண்ணி ஏறிருச்சு” என்றதைப் பிள்ளை “நீர்மட்டம் உயர்ந்தது” என்று மாற்றிவிடும். ஒரு சொல்லையும் மாற்ற விடாதே. புயல் எப்படி இருந்தது என்று கேட்டால், எல்லாரும் கேட்டுப் பழகிய பதில்தான் வரும். அன்றைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், கதவு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்கச் சொல்லிக்கொடு.

கடலில் ஆள் போன வீடும், படகோடு பிடிபட்டுச் சிறையில் இருக்கும் ஆள் வீடும் அந்தக் கரையில் உண்டு. அதைத் தலைப்பாகக் கொடுக்காதே. தானாக எழுதினால் எழுதட்டும். அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதி வைத்திருக்கிறது. வீட்டுக் கதை எழுதும் பிள்ளைக்கு அந்த விதியைச் சொல், துணிந்து எழுதும். வகுப்பில் வாசித்தது வெளியே போகக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடு. பிள்ளைக்கு ஆபத்து இருப்பதாக எழுத்தில் தெரிந்தால் மட்டும் அது வேறு. கூட்டத்தில் பேசாதே, தனியே கூப்பிட்டுக் கேள், குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் எழுதி வைத்துக்கொள்.

தேர்வு பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிய 14 வயது நிறைந்திருக்கவேண்டும், தேர்வு ஏப்ரல்-மேயிலும் அக்டோபர்-நவம்பரிலும். எழுதப்போகும் பிள்ளைக்கு மட்டும் கடைசி நான்கு வாரம் தனியாகக் கட்டுரை, கடிதம், சுருக்கி எழுதுதல் என்று பயிற்சி கொடு, வேறு நோட்டில்.

சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரையும், அவரை ஆதரித்த கீழக்கரைச் சீதக்காதியையும், திருப்புல்லாணிப் பாசுரத்தையும், இராமநாதபுரத்தில் அடங்கிய தாயுமானவரையும் இரண்டாம் பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இப்போது வேண்டாம், பாரம் அதிகமாகும்.

முதல் வாரத்துக்கு வெள்ளாங்குருகுப் பத்தில் நான்கு பாட்டைச் சொல் பிரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். நகல் எடுக்கும்போது ஏழுக்குப் பதில் எட்டாக எடு, நீயும் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுது. மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா