பள்ளிக்கூடத்தில் ஒரு ராத்திரி

அன்புள்ள ராஜாமணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. நம் பள்ளியின் ஓட்டுக் கட்டடத்தை இடிக்கப் பேச்சு நடப்பதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

இங்கே அமெரிக்காவில், போர்ட்லண்டில் மகளும் மாப்பிள்ளையும் எங்களை ஒருநாள் கென்னடி ஸ்கூல் என்கிற ஹோட்டலில் தங்கவைத்தார்கள். 1915-ல் திறந்த ஆரம்பப் பள்ளி அது. பள்ளிக்குப் பெயர் தந்தவர் நீ நினைக்கும் அதிபர் கென்னடி இல்லை. அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்த ஜான் கென்னடி என்ற அயர்லாந்துக்காரர்.

கட்டடத்துக்கு மாடியே கிடையாது. 1908-ல் ஒஹாயோவில் ஒரு பள்ளி எரிந்து 172 பிள்ளைகள் செத்துப்போனார்கள். தீ பயம் நாடு முழுக்க இருந்த காலம். பிள்ளைகள் சட்டென்று வெளியே ஓட வேண்டும், எண்ணிக்கை கூடினால் பக்கத்திலேயே வகுப்புகளை ஒட்டிக் கட்டவும் வேண்டும் என்று கட்டடத்தை வடிவமைத்த ஃப்ளாய்ட் நரமோர் ஒரே தளமாகப் போட்டாராம். எனக்குக் கும்பகோணம் ஞாபகம் வந்துவிட்டது. உனக்கும் வரும்.

பிள்ளைகள் குறைந்து, கட்டடமும் பழுதாகி, 1975-ல் பூட்டிவிட்டார்கள். இடிக்கத்தான் இருந்தார்கள். அக்கம்பக்கத்துக்காரர்களும் பழைய மாணவர்களும் விடவில்லை. கடைசியில் மதுக்கடைகள் நடத்தும் மெக்மெனமின் சகோதரர்கள் எடுத்து, 1997-ல் ஹோட்டலாகத் திறந்தார்கள்.

வகுப்பறைதான் படுக்கையறை. கரும்பலகை சுவரிலேயே இருக்கிறது. பேத்தி வந்ததும் சாக்பீஸை எடுத்து என்னை மீசையோடு வரைந்துவிட்டாள். தாழ்வாரத்துக் குடிநீர்க் குழாய் சின்னப் பிள்ளைகள் உயரத்துக்கு இருப்பதால், தண்ணீர் குடிக்க என் முட்டி படாத பாடு பட்டது. பிரார்த்தனைக் கூடம் மாதிரி இருந்த பெரிய ஹால் இப்போது தியேட்டர், பழைய சோபாவில் சாய்ந்து படம் பார்க்கலாம். பாய்லர் அறையில் ஒரு பார். அப்புறம் 'டிடென்ஷன்' என்றே ஒரு பார்! சேட்டை செய்தவனைப் பள்ளி விட்ட பிறகும் உட்காரவைப்பார்களே, அந்தப் பெயரில் விஸ்கி ஊற்றுகிறார்கள். ஹெட்மாஸ்டராக இருந்த உன்னை அங்கே உட்காரவைத்துப் பார்க்க ஆசை. திரும்பின பக்கமெல்லாம் இந்தப் பள்ளிக்கூட வேடிக்கைதான், கொஞ்சம் ஓவர்.

நம் ஊரில் யார் வந்து ரூம் போடப்போகிறார்கள் என்பாய். சரி, ஹோட்டல் வேண்டாம். நூலகமாகவோ மாலை நேர டியூஷன் இடமாகவோ இருக்கலாமே. பழுதான ஓட்டை மாற்றலாம். அந்தச் சுவரும் தேக்கு உத்தரமும் உறுதியாகத்தான் இருக்கும். முதலில் ஒரு நல்ல இன்ஜினியரைக் கூட்டிப்போய்க் காட்டு. நம் செட்டில் பொதுப்பணித்துறையில் இருந்து ரிட்டயர் ஆனவன் இருக்கிறானே, அவனிடமே கேள். கலெக்டருக்கு மனு எழுதினால் என் பெயரையும் சேர்த்துக்கொள். பொங்கலுக்கு முன்னால் வந்துவிடுவேன், கையெழுத்து வாங்க நானும் தெருத்தெருவாக அலைகிறேன்.

சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு. தங்கச்சிக்கு என் அன்பு.

உன்,
சுந்தரம்