அந்த ஜூலை மாதக் கணக்கு

உப்புவெளி,
திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்து இரண்டு கிழமையாகிறது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் நிம்மதி. இங்கே வாடை தொடங்கிவிட்டது. வள்ளங்கள் எல்லாம் கரையேறிக் கிடக்கின்றன. அதனால்தான் தள்ளிப்போட்டு வந்த மீனவர் சங்கத்தின் மீன் கணக்கு வேலையை முடிக்க எனக்கும் நேரம் கிடைத்தது.

அமேசானின் கோப்புக் கிடங்கான எஸ்3இல் இருக்கும் உன் நூலகத்தின் பழைய சீஎஸ்வி கோப்புகளை (கமாவால் பிரித்த வரிகள்) மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டுத்தான் வெப் ஆப்பைக் கட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மச்சான். தினம் மாறுகிற காசுக்கணக்கு மட்டும் அங்கே இருக்கட்டும். பழையதைக் கிடக்கிற இடத்திலேயே விட்டு, எஸ்3 கோப்புகளை நேராகவே வாசிக்கும் அமேசானின் அதீனா சேவையில், எஸ்கியூஎல் என்ற கேள்வி மொழியில் எழுதிக் கேள். நானும் அப்படித்தான் செய்தேன்.

முதல் நாளே பாரை மீனின் மொத்தம் குறைவாக வந்தது. கோப்பைத் திறந்து பார்த்தால், "பாரை, சிறியது" என்று யாரோ மேற்கோள்குறிக்குள் கமா போட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கமாவிலேயே வரி பிளந்து, எடை இருக்க வேண்டிய இடத்தில் 'சிறியது' என்ற சொல் போய் விழுந்துவிட்டது. மேற்கோள்குறிக்குள் இருக்கும் கமாவைப் பிரிக்காமல் வாசிக்கும் ஓப்பன் சீஎஸ்வி செர்டேக்கு மாற்றிய பிறகு அது சரியானது. இன்னும் சில இடங்களில் '32 கிலோ' என்று இருந்தது. எடையை எழுத்தாகவே வாங்கி, ட்ரை_காஸ்ட் என்ற கட்டளை போட்டு எண்ணாக்கினேன். எண்ணாகாத வரிகளில் எடை 'நல்' (null), அதாவது வெற்றாக வரும். அவற்றைத் தனியாக எடுத்து, நிறுவைக் கொப்பியோடு ஒத்துப் பார்த்துத் திருத்தினேன்.

அப்புறம் ஒன்று, விடை உடனே வராது. கேள்வியை அனுப்பினால் ஓர் அடையாள எண்தான் கைக்கு வரும். முடிந்துவிட்டதா என்று அதை வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். இதை நான் யோசிக்கவில்லை. திரையில் ஒன்றும் தெரியாததால் எங்கள் ஆட்கள் பட்டனை ஐந்தாறு தரம் அழுத்த, ஒவ்வொரு அழுத்தலும் ஒரு புதுக் கேள்வியாகப் போனது. இப்போது ஒரு தரம் அழுத்தியதும் 'தேடுகிறது' என்று காட்டி பட்டனைப் பூட்டிவிடுகிறேன். ஒரு டெராபைட் வாசித்தால் 5 டொலர், ஒரு கேள்விக்குக் குறைந்தது 10 மெகாபைட் என்று கணக்குப் போடுவார்கள். ஆண்டு, மாதம் என்று அடைவு (ஃபோல்டர்) பிரித்து வை. கேள்வியில் நிபந்தனை எழுதும் WHERE பகுதியில் அவற்றைக் கட்டாயம் சொல்லு, இல்லாவிட்டால் எல்லாக் கோப்பையும் வாசித்துவிடும். உன் நூலகப் பதிவுகள் பெரியவை, நிரல் (கொலம்) நிரலாகச் சேமிக்கும் பார்கே வடிவத்துக்கு மாற்றிவிடு. அமேசான் கணக்குக்குள் நுழைய உதவும் அணுகல் சாவி சேர்வரிலேயே இருக்கட்டும், பிரவுசர் பக்கம் போகவே கூடாது.

போன ஞாயிறு கரைவலைச் சம்மாட்டி ஒருவர் வாடிக்கு வெளியே உட்கார்ந்து, என் போனில் தன் மூன்று வருட ஜூலைக் கணக்கைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். இரண்டு வருடம் சரி. 2022இல் 180 கிலோ சூரை குறைகிறது என்றார். அவர் சொன்னதுதான் சரி. அந்தச் சூரை பிடித்த நாளின் கோப்பு எஸ்3இல் ஏறவே இல்லை. வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பை ஜூலை அடைவுக்குள் போட்டேன். வேறொன்றும் தொடவில்லை. அடுத்த கேள்வியிலேயே 180 கிலோவும் சேர்ந்து வந்தது. இரவென்றும் பார்க்காமல் அவருக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன்.

உன் கோப்புகளில் ஒன்றை அனுப்பு, நிரல்களைப் பார்த்துச் சொல்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

உன் கூட்டாளி